திட்டிவாசலில் குனிந்தவர்கள்

மகராயபுரம் கோட்டையைப் பார்க்கப் போன எங்கள் ஊர் பஸ் திரும்பி வந்தபோது அதிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர்கூட நிமிரவில்லை. படியில் இறங்குவதற்காகக் குனிகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். இறங்கிய பிறகும் குனிந்தே நின்றார்கள், பையைத் தூக்கிக்கொண்டு குனிந்தே நடந்தார்கள், குனிந்தே கதவைத் தட்டினார்கள், உள்ளே போய்க் குனிந்தபடியே காப்பியைக் குடித்துவிட்டு, என்ன அரண்மனை, என்ன அரண்மனை என்று தரையைப் பார்த்துச் சொன்னார்கள். இடுப்போடு மடங்கி, முதுகு மேசைப் பலகை மாதிரிக் கிடந்தது. வலிக்கிறதா என்று கேட்டால், வலியா, சுகமாக இருக்கிறது என்றார்கள்.

செவக்காட்டுவிளையில் நாங்கள் எல்லாரும் ஒரே சாதி. எந்தச் சாதி என்று சொல்லப் போவதில்லை, எதைச் சொன்னாலும் பொருந்தும். செம்மண்ணில் முருங்கையும் கடலையும் போட்டுப் பிழைத்துக் கிடந்த இந்தக் கூட்டம், ஒரு நாள் காலையில் எழுந்து தான் ஆண்ட பரம்பரை என்று கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் சிமெண்ட் கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி, எங்கள் சங்கத்தின் தலைவர். மகராயபுரத்து மன்னர் படத்தை ஒரு காலண்டரில் பார்த்தாராம், மீசை தன் தாத்தாவின் மீசையைப் போலவே இருந்ததாம், அவ்வளவுதான் ஆதாரம். மீசை வைக்காத தாத்தா எங்கள் ஊரில் யார் இருந்தார் என்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் அதற்குள் தங்கள் பெயருக்கு முன்னால் ‘ராஜ’ போட்டு பேனர் அடிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த மன்னரின் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று சுற்று மதில் எழுப்பினார், ஏழு நிலை அரண்மனை கட்டினார், யானை முட்டினாலும் அசையாதபடி இரும்பு முள் பதித்த கதவு செய்து மாட்டினார், எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, எதிரிப் படை வருகிறது என்று கேள்விப்பட்டதும் சுரங்கம் வழியாக ஓடிப்போனார். அந்தப் பெரிய கதவு இப்போதும் சாத்தியே கிடக்கிறது. அதன் அடியில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவில் சின்னக் கதவு ஒன்று உண்டு, திட்டிவாசல் என்பார்கள், ஊர் பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு அதன் வழியாகத்தான் போக வேண்டும். வேறு ஊர்க்காரர்கள் குனிந்து நுழைந்து, உள்ளே போனதும் நிமிர்ந்து, படம் எடுத்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். எங்கள் ஆட்கள் குனிந்தார்கள், அப்படியே நின்றுவிட்டது.

முதல் பஸ்ஸில் போக எனக்கும் சீட்டு இருந்தது, அன்று காலையிலிருந்து வயிற்றுப்போக்கு, ஏறவில்லை, அதனால்தான் என் முதுகு தப்பியது. இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, பழைய மீன்குழம்பின் சாமர்த்தியம். நான் இந்த ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் நிமிரலாம் என்றார். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சொன்னவன் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை, இங்கே ஐம்பதிலும் அறுபதிலும் அப்படி வளைந்தார்கள். அடுத்த பஸ் போயிற்று, அதற்கடுத்த பஸ் போயிற்று, போனவர்கள் எல்லாரும் மடங்கி வந்தார்கள், ஊர் அதற்கேற்றபடி தன்னை இறக்கி வைத்துக்கொண்டது. ரேஷன் கடை ஜன்னலை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார்கள். சலூன் கண்ணாடி தரையில் சாய்ந்து நின்றது. டீக்கடைக்காரர் பெஞ்சின் காலை அறுத்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையின் அடி ஓரத்தில் மட்டும் எழுதினார். தெருவிளக்கு அணைந்து கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. தென்னையில் தேங்காய் முற்றித் தானாக விழுந்தது, விழுந்த பிறகுதான் மரத்தில் காய் இருந்த சங்கதியே தெரிந்தது. கோயிலில் அம்மன் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதற்கு, பாத தரிசனம்தான் விசேஷம் என்று பூசாரி ஒரு விளக்கம் கொடுத்து, அலங்காரம் செய்கிற வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். பெண்களுக்கு மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அவர்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருந்தார்கள்.

ஒருவரை ஒருவர் காலைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்கள். பித்தவெடிப்பு வருகிறது என்றால் ராஜதுரை மாமா வருகிறார், மிஞ்சி வளைந்திருந்தால் அது கிழக்குத் தெரு மதினி. என் ஸ்டூடியோவுக்கு வந்தவர்களுக்கு முகம் விழ வேண்டுமென்றால் நான் கேமராவைத் தரையில் வைத்து மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால், ரத்தம் இறங்கிச் சிவந்த முகத்தில் ஆண்ட களை சொட்டும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள், இவர்கள் வாழ்வு வராமலே குடை பிடித்தார்கள்.

கல்யாணப் பேச்சில் ஜாதகத்துக்கு முன்னால் முதுகைக் கேட்டார்கள். பெண்ணின் முதுகில் மஞ்சள் தடவிய தேங்காயை வைத்து, உருளாமல் நின்றால் ராஜ வம்சம், உருண்டால் கலப்பு என்று ஒரு வழக்கம் எங்கிருந்தோ முளைத்து, ஆதியிலிருந்து இருந்தது போல வேர் பிடித்தது. நிமிர்ந்து நடந்தவர்களுக்கு விறைப்பான் என்று பெயர். பந்தியில் விறைப்பானுக்குக் கடைசி இலை.

இந்த ஊரில்தான் உச்சிமாகாளி வளர்ந்து நின்றாள், குருவையா கொத்தனாரின் மகள், நெடுநெடுவென்று. போலீஸ் வேலைக்கு எழுதிய பரீட்சையில் தேறிவிட்டாள், இனி ஓட்டமும் உயரம் அளப்பதும்தான் பாக்கி. கேட்கிற உயரத்துக்கு மேல் ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தாள். காலையில் தேரிக்காட்டுச் செம்மணலில் அவள் ஓடும்போது, எங்கள் ஆட்களுக்கு இரண்டு பாதம் பறந்து போவது மட்டும் தெரியும், இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீண்ட பாதம்.

குருவையா முதல் பஸ்ஸிலேயே போய் மடங்கியவர். சுவரின் நேர் பார்க்கிற தூக்குக்குண்டு இன்னும் அவர் மடியில்தான் இருக்கும், எடுத்துப் பிடித்தால் அவர் கண்ணுக்கு நூலே தெரியாது. அதனால் அவர் கட்டிய சுவர்கள் இடுப்பு உயரத்தோடு நின்றன, ஊருக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை. மகளோடு பேச வேண்டுமென்றால் மகள்தான் அவர் முன்னால் குத்தவைக்க வேண்டும். குத்தவைத்து, அண்ணாந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். அவள் நின்றால் எப்படி இருப்பாள் என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

சங்கம் அந்த ஆடியில் ஒரு தீர்மானம் போட்டது. பதினெட்டு வயது தாண்டிய எவரும் இனி விறைப்பாக இருக்கக் கூடாது, இருக்கிற வீட்டோடு ஊருக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. சங்கத்துக் கல்யாண மண்டபத்தை அப்போது குருவையாதான் கட்டிக்கொண்டிருந்தார், மகள் மடங்காவிட்டால் அந்த வேலையும் கிடையாது. அண்ணாச்சி அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, தகப்பனைப் போல அன்பாகத்தான் சொன்னார். அந்த மாதிரி அன்பைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டும்.

குருவையா மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மண்டபத்து வேலையைச் சொன்னார், ஊரைச் சொன்னார், அம்மாவின் மருந்தைச் சொன்னார், ஊரோடு ஒத்து வாழ் என்றார். மடங்கிவிட்டால் உயரம் அளக்கிற இடத்தில் தன்னை அளக்கக்கூட மாட்டார்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றாள் அவள். அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே கேட்பதற்கு ஒரு முகம் வேண்டும், தரையைப் பார்த்திருந்ததால் அந்தச் சிரமம் அவருக்கு இல்லை. கடைசியில் அவள், “சரிப்பா, வாரேன்,” என்றாள்.

அவள் மகராயபுரம் போன பஸ்ஸில் நானும் போனேன். எனக்கும் தீர்மானம் உண்டுதானே. வளைந்தவன் எப்படிப் படம் எடுப்பான், ராஜ வம்சத்தின் குரூப் போட்டோ வேண்டாமா என்று கேட்டு, வெளியிலேயே நிற்க அனுமதி வாங்கிவைத்திருந்தேன்.

மகராயபுரம் அழகான ஊர்தான், பொய் சொல்லக் கூடாது. காலை வெயிலில் மதில் பொன்னாக நின்றது, மாடங்களில் கிளி உட்கார்ந்திருந்தது. எங்கள் கூட்டத்தில் அதை என்னையும் அந்தப் பெண்ணையும் புதிதாக மடங்க வந்த பிள்ளைகளையும் தவிர யாரும் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது கோட்டையின் அடிக்கல்லை, அதன் ஓரத்தில் கிடந்த வாட்டர் பாக்கெட்டுகளை. அதைப் பார்த்தே கண்ணில் நீர் விட்டார்கள்.

திட்டிவாசலுக்கு முன்னால் ஒரு கைடு நின்றான், அந்த ஊர்க்காரன், வெற்றிலை வாய். சாத்தி வைத்த கதவில் இவ்வளவு சின்ன வாசல் எதற்கு என்றால், எதிரி உள்ளே வந்தால் ஒவ்வொருத்தனாகக் குனிந்துதான் வர முடியும், குனிந்த தலையை உள்ளே நிற்கிறவன் சிரமமில்லாமல் வெட்டலாம், அதற்காக வைத்தது என்று தெளிவாகச் சொன்னான். தலையை வெட்டுவதற்காக வைத்த வாசலை எங்கள் ஆட்கள் மரியாதை வாசல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவராகத் தலையை நீட்டிக்கொண்டு போனார்கள். கைடு ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எச்சிலைத் துப்பிவிட்டு, அடுத்த கூட்டத்தைக் கூப்பிடப் போனான்.

உச்சிமாகாளி வரிசையிலிருந்து விலகி மதில் ஓரமாக நடந்தாள். யாரும் கவனிக்கவில்லை, அவளும் செருப்பைக் கழற்றி எல்லாச் செருப்போடும் வைத்திருந்தாள். கேமராவைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். கொத்தனார் மகளுக்குச் சுவரைப் பார்த்தால் பார்த்துக்கொண்டே போகத் தோன்றும் போல. கல்லில் கையை வைத்தபடி ஒரு சுற்று போனாள், கோட்டையின் பின்பக்கம் வந்தோம். அங்கே மூன்று சுற்று மதிலும் எப்போதோ சரிந்து, ஒரு லாரி தாராளமாகப் போகிற அகலத்துக்குத் திறந்து கிடந்தது. உள்ளே வேலை பார்க்கிறவர்கள் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். மோர் விற்கிற அம்மாள் பானையோடு போனாள். ஆடுகள் போயின, நிமிர்ந்த தலையோடு, மென்றுகொண்டே.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஆடுகளுக்குப் பின்னால் நேராக நடந்து உள்ளே போனாள். நானும் போனேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தர்பார் மண்டபத்தில் எங்கள் ஆட்கள் வந்து சேர்ந்தபோது அவள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். வௌவால் நாற்றமடிக்கிற இருட்டு மண்டபம். குருவையா தரையில் அந்த நீண்ட விரலைப் பார்த்தார், வந்துவிட்டாயா என்றார், வந்துவிட்டேன் என்றாள். அண்ணாச்சி சிம்மாசனத்து மேடையில் நின்றுகொண்டு புதிதாக வந்தவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அந்தந்தத் தகப்பன் தேங்காயைப் பிள்ளையின் முதுகில் வைத்து, நின்றது என்று சொல்ல வேண்டும். இதுதான் முறை. பார்ப்பதற்கு யாருக்கும் கழுத்து கிடையாது, தகப்பன் வாக்குதான் சாட்சி.

உச்சிமாகாளி முறை வந்தது. குருவையா தேங்காயை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால் மகளின் முதுகைத் தேடினார். இடுப்பில் கை பட்டது. மேலே தடவினார். அது மடங்கவில்லை. இன்னும் மேலே, அவர் கை எட்டுகிற மட்டும், அது மேலே போய்க்கொண்டே இருந்தது. ஆயிரம் சுவரைத் தடவிப் பார்த்த கை அது, நேர் எது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் கை அங்கேயே நின்றது. உண்மையைச் சொன்னால் மகளின் வேலை போகும், பொய் சொல்லி அகப்பட்டால் அவர் வேலை போகும்.

“என்ன வே குருவையா, நிக்கா?” என்று அண்ணாச்சி மேடையிலிருந்து கேட்டார்.

குருவையா தேங்காயைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். “நிக்கு அண்ணாச்சி,” என்றார். “அசையாம நிக்கு.”

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தத் தேங்காய் அவர் மடியிலேயே இருந்தது. ஊரில் அதற்குப் பிறகும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, நிமிர்ந்து நடக்கிற ஒருத்தியை நிமிர்ந்து பார்த்தால்தானே தெரியும். அவளை உயரம் அளந்தார்கள், ஓட விட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். திருநெல்வேலியில் ஹாஸ்டலில் சேர்ந்திருக்கிறாள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

பயிற்சி முடிந்து சீருடையோடு அவள் ஊருக்கு வந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பஸ்ஸிலிருந்து இரண்டு பூட்ஸ் இறங்கியது. அவ்வளவுதான் எங்கள் ஆண்ட பரம்பரைக்குத் தெரிந்தது. கடைத்தெரு முழுக்க முதுகுகள் இன்னும் தாழ்ந்தன, நெற்றி மண்ணில் இடிக்கிற மட்டும் தாழ்ந்தன, சிலர் வேட்டியை இறக்கிவிட்டார்கள், சிலர் சந்துக்குள் நுழைந்தார்கள். சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி கடையிலிருந்து ஓடிவந்து, பூட்ஸைக் கும்பிட்டு, எந்த ஸ்டேஷன் அய்யா, கலர் ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

“வேண்டாம் பெரியப்பா,” என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குப் புரிவதற்குள் பூட்ஸ் கடந்து போய்விட்டது. சீருடையில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று நானும் பின்னாலேயே போனேன். குருவையா வாசலில் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். பூட்ஸைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அய்யா, வீட்டு வேலைதான், மணல் ரசீது இருக்கிறது என்றார். பெற்ற மகளின் காலில் நெற்றி படுகிற மாதிரி நின்று சொன்னார். எனக்கு அந்த நிமிடம் எங்கள் ஊரைக் கொளுத்தலாம் போல் இருந்தது.

வழக்கம் போல அவர் முன்னால் குத்தவைப்பாள் என்று நினைத்தேன், குத்தவைக்கவில்லை. நின்றபடியே ஒவ்வொரு காலாகத் தூக்கி, கயிற்றை அவிழ்த்து, பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தாள். சிமெண்ட் சிதறிய தரையில் அந்த நீண்ட விரல் தெரிந்தது.

“ஏட்டி,” என்றார் குருவையா. கையை நீட்டி அவள் பெல்ட்டைப் பிடித்தார். பிடித்துத் தொங்குகிறார் என்று நினைத்தேன், இல்லை, ஏறினார். வறட்டு ஓலை முறிகிற சத்தம் அவர் முதுகிலிருந்து கேட்டது, வலியில் வாய் கோணியது, நாலு விரல் உயர்ந்தார். பித்தளை பக்கிள் அவர் கண்ணுக்கு நேராக வந்தது. அவ்வளவுதான் முடிந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

குரல் மேலேயிருந்து வந்ததை அண்ணாச்சி யோசித்துப் பார்த்துவிட்டார், சங்கம் அன்று சாயங்காலமே கூடியது. பொய் சாட்சி சொன்ன குற்றத்துக்கு என்ன தண்டனை என்று பேச ஆரம்பித்தார்கள். நான் பொறுக்க முடியாமல் எழுந்து, அந்தக் கோட்டையின் பின்பக்கம் இடிந்து கிடக்கிறது, ஆடு மாடெல்லாம் நிமிர்ந்து போகிறது, நானே போய் வந்தேன், முதுகு அப்படியே இருக்கிறது பாருங்கள் என்று சொன்னேன். பார்ப்பார்கள் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர்கள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்து யோசித்தார்கள். மன்னரின் மதில் இடிந்து கிடப்பது வம்சத்துக்கு அவமானம் என்று முடிவு செய்தார்கள், சங்கச் செலவில் அதை அடைத்துக்கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள், சிமெண்டை அண்ணாச்சி தன் கடையிலிருந்தே தருவதாகச் சொன்னார், கைதட்டினார்கள். அந்த மதிலைக் குருவையா கட்டிக்கொடுத்தால் அவர் குற்றத்தை மன்னித்து, மண்டபத்து வேலையையும் அவருக்கே விட்டுவிடலாம் என்று பெருந்தன்மையாக ஒரு வழியும் சொன்னார்கள்.

குருவையா நடுவில் நின்றார். மற்றவர்களைவிட நாலு விரல் உயரமாக நின்றார், அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

“கோணச் சுவர இடிச்சுக் கட்டச் சொன்னா கட்டுவேன் அண்ணாச்சி,” என்றார். “மனுசன் நேரா நடந்து போற வழிய அடைக்க எங்கிட்ட கலவை கிடையாது.”

அவர் வீட்டை ஊரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டார்கள். மண்டபத்தை வெளியூர்க் கொத்தனார் வந்து கட்டி முடித்தார், இடுப்பு உயரத்தில் வாசல், ராஜ வம்சம் அதில் முட்டாமல் நுழைகிறது. மகராயபுரத்து மதிலையும் அடைத்துவிட்டார்கள் என்று கேள்வி. ஆடுகள் பக்கத்திலேயே இன்னொரு இடத்தைத் தட்டித் திறந்துகொண்டன என்றும் கேள்வி.

குருவையா இப்போது பக்கத்து ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு சுவர் எழுப்புகிறார். நல்ல உயரமான சுவர், நூல் பிடித்து நேர் பார்க்காமல் முடியாது, பார்க்க வேண்டுமென்றால் நிமிராமல் முடியாது. லீவில் வரும்போதெல்லாம் அவர் மகள் சீருடையைக் கழற்றாமல், பூட்ஸை மட்டும் கழற்றிவிட்டு, வந்து அவர் முன்னால் நிற்கிறாள். அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எட்டிய மட்டும் ஏறிப் பார்க்கிறார். தீபாவளிக்கு பெல்ட்டுக்கு மேல் முதல் பொத்தான் வரை வந்தார். பொங்கலுக்கு மூன்றாவது பொத்தான். முகத்துக்கு இன்னும் இரண்டு பொத்தான் இருக்கிறது.